காரைக்குடியில் கடைக் கட்டடம்: பிளான் போடக் கொடுப்பதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

ரஸ்தா ஜவுளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லுக்கட்டிப் பக்கம் வாடகைக் கடையில் ஜவுளி வியாபாரம் செய்கிறோம். கண்டாங்கியும் மற்றப் பருத்திச் சேலைகளும்தான் முக்கியச் சரக்கு. தேவகோட்டை ரஸ்தாவில் அப்பா முன்பே வாங்கிப் போட்ட மனை ஒன்று இருக்கிறது. அகலம் 60 அடி, நீளம் 100 அடி, கிழக்குப் பார்த்தது. முன்னால் 40 அடி ரோடு. அதில் சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

கீழே எங்கள் கடை, பக்கத்தில் வாடகைக்கு விட இரண்டு சின்னக் கடைகள். முதல் மாடியை மெஸ் நடத்த ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாம் மாடியில் எங்கள் குடோனும் தையல் பகுதியும். முகப்பு மட்டும் நம்ம ஊர் வீடு மாதிரி தூணும் ஆத்தங்குடிக் கல்லுமாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எனக்கும் அதே ஆசைதான்.

குழப்பம் இங்கேதான். உள்ளூர் கான்ட்ராக்டர் ஒருவர் “வேலையை என்னிடம் கொடுங்கள், பிளானுக்குத் தனியாகக் காசு வேண்டாம்” என்கிறார். ஒரே ஒரு தாள் போட்டும் கொடுத்துவிட்டார். அதில் மூன்று தளத்துக்கும் கட்டம் இருக்கிறது, பின்பக்கம் 14க்கு 8 அடியில் படிக்கட்டு, முன்னால் கார் நிற்கிற மாதிரி ஒரு படம். மதுரை ஆர்க்கிடெக்ட் ஒருவர் கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று கேட்கிறார். உறவினர் ஒருவரோ “அப்ரூவலுக்கு மட்டும் பிளான் வாங்கு, மீதியைக் கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். இதில் எது சரி? ஆர்க்கிடெக்டிடம் போவதானால் கையில் என்ன கொண்டுபோக வேண்டும், அவரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்? இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

நான் வீடு கட்டியது கான்ட்ராக்டர் போட்ட பிளானில்தான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது வீடு. மெஸ், குடோன், வாடகைக் கடை என்று மூன்று விதமான ஆட்கள் புழங்கும் கட்டடத்துக்கு அதே வழியில் போகலாமா என்று எனக்குத் தெரியாது. இங்கே கோட்டையூரிலிருந்து வரைவாளர் அக்கா ஒருவர் எழுதுவார், அவர் வரட்டும்.


கோட்டையூர் வரைவாளர் எழுதியது:

தம்பி, டிரேசிங் ஷீட்டில் மை பேனா பிடித்து வரைந்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது ஆட்டோகேட். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, பல ஆர்க்கிடெக்டுகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் வரைந்து கொடுப்பவள். எந்தத் தாளை நம்பிக் கட்டலாம், எதை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாளில் படிக்கட்டை மட்டும் பாருங்கள். 14க்கு 8 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். தேசியக் கட்டட நெறிமுறை 2016 குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு ஒரு படியின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் அகலம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. படிக்கட்டின் அகலம் 1.5 மீட்டர். கடைக்குத் தளத்திலிருந்து தளத்துக்கு 12 அடி வைத்தால் 25 படி வரும். அதை 13, 12 என்று இரண்டு மடிப்பாகப் போட்டு, இரண்டு முனையிலும் 1.5 மீட்டர் நிற்குமிடம் விட்டால், நீளம் மட்டும் 6.6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 அடி. அகலம் 10 அடிக்கு மேல். 14க்கு 8ல் வருவது வீட்டுப் படி. மெஸ்ஸில் சாப்பிட வரும் வயதானவர் அதில் ஏற முடியாது, அனுமதிக்குப் போகும்போதும் நிற்காது. படிக்கட்டு பெரிதானால் பின்னால் இருக்கும் அறை எல்லாம் நகரும், அறை நகர்ந்தால் தூண் நகரும். அந்த ஒற்றைத் தாளில் இதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. “இலவச பிளான்” என்பதில் நான் பார்க்கும் பெரிய குறை இதுதான். கட்டம் இருக்கும், கட்டத்துக்குள் கணக்கு இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரைபவரும் கட்டுபவரும் ஒருவராகவே இருந்தால், விலையை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவுமே இருக்காது. முழு வரைபடமும் அதிலிருந்து எடுத்த அளவுப் பட்டியலும் கையில் இருந்தால், மூன்று கான்ட்ராக்டர்களிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேட்கலாம். இல்லாவிட்டால் ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார், இன்னொருவர் வேறு சொல்வார், அந்த விலைக்குள் எத்தனை கிலோ கம்பி, என்ன கதவு, எத்தனை அடி ஆழத்துக்குக் கடைக்கால் என்று யாருக்கும் தெரியாது. அவர் தனியாகக் காசு வேண்டாம் என்றாலும், பிளானின் செலவு கட்டுமான விலைக்குள் எங்கோ இருக்கத்தான் செய்யும்.

உங்கள் உறவினர் சொன்ன வழிக்கு வருகிறேன். அப்ரூவல் பிளான் வேறு, வொர்க்கிங் டிராயிங் வேறு. முன்னது விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்று அரசுக்குக் காட்டுவது: மனையில் எங்கே கட்டடம், எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம், எத்தனை மாடி, வண்டி எங்கே நிற்கும், மழைநீர் எங்கே இறங்கும். அதை வைத்துக் கொத்தனார் சுவர் எழுப்ப முடியாது. வேலைக்கு வேண்டியது தனி: தூண்களைக் குறிக்கும் சென்டர் லைன் தாள், கடைக்கால், தூண், பீம், ஸ்லாப் ஒவ்வொன்றுக்கும் கம்பி விவரம், கதவு ஜன்னல் பட்டியல், மின்சாரம், குழாய், கழிவுநீர், படிக்கட்டின் குறுக்குவெட்டு, முகப்பின் விவரங்கள். முன்னதை மட்டும் வாங்கினால் பின்னதை எல்லாம் வெயிலில் நின்றுகொண்டு மேஸ்திரி வாயால் முடிவு செய்வார்.

சென்டர் லைன் தாளின் அருமையை மனையில் நின்று பார்த்தால்தான் தெரியும். நான்கு மூலையிலும் கட்டை அடித்து, நைலான் கயிறு கட்டி, தூக்குக்குண்டு விட்டு, சுண்ணாம்புப் பொடி தூவிக் குழி குறிப்பார்கள். அன்றைக்குத் தாளில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் உள்ள அளவு மட்டும் எழுதியிருந்தால், ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் பிசகி, கடைசித் தூண் வருவதற்குள் பல அங்குலம் தள்ளிப் போயிருக்கும். ஒரே மூலையிலிருந்து எல்லாத் தூணுக்கும் கூட்டி வரும் அளவும், மூலைக்கு மூலை குறுக்களவும் தாளில் இருந்தால் பிசகை அங்கேயே கயிறு பிடித்துக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் வேலையை யாரிடம் கொடுத்தாலும், “சென்டர் லைனில் தொடர் அளவும் குறுக்களவும் வேண்டும்” என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஆர்க்கிடெக்டிடம் போகும் முன் மனையின் காகிதங்கள். பட்டா, புலப்படம் (மனையின் எல்லையும் அளவும் காட்டும் அரசுப் படம்), பத்திரம், வில்லங்கச் சான்று. பட்டாவும் புலப்படமும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும், வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில். புலப்படத்தில் உள்ள அளவையும் மனையில் டேப் பிடித்தால் வரும் அளவையும் சர்வேயரை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 60 அடி என்று நீங்கள் சொல்வது பத்திரத்தில் இருப்பதா, அளந்து பார்த்ததா? ஒரு பக்கம் 58 வந்தால் தூண் வரிசையே மாறிப்போகும். மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் உள்ளதா, ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தப் பகுதி எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். குடியிருப்புப் பகுதி என்று இருந்தால் மெஸ்ஸும் குடோனும் கேட்பதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் மனை அதில் வரன்முறை ஆகியிருந்தால் அந்த ஆணையின் நகலும் வேண்டும்.

அப்புறம், யாரும் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு காகிதம். அதை நீங்களே எழுத வேண்டும். உங்கள் கடை ஒரு நாளில் எப்படி நடக்கிறது என்று உங்கள் பேச்சிலேயே நாலு பக்கம் எழுதுங்கள். பேல் கட்டு லாரியில் வருகிறதா, வேனிலா, எந்த நேரத்தில்? சேலையை விரித்துக் காட்ட மெத்தை போட்டு உட்காருகிறீர்களா, கவுன்டரில் நின்றபடியா? செருப்பை வாசலில் விடச் சொல்வீர்களா? ஆமென்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் அத்தனை செருப்பும் எங்கே கிடக்கும்? வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் சாப்பிட இடம், கழிப்பறை? கல்லாப்பெட்டி வாசலைப் பார்க்க வேண்டுமா? சாமி படம் எந்தச் சுவரில்? ஜெனரேட்டர் எங்கே? ஆடித் தள்ளுபடிக்கு வாசலில் பந்தல் போடுவீர்களா? ஆர்க்கிடெக்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதெல்லாம் அவருக்குத் தெரியாது. இது இல்லாமல் போனால், எல்லாக் கடைக்கும் பொருந்துகிற ஒரு கட்டடத்தைத்தான் வரைந்து கொடுப்பார்.

குடோன் இரண்டாம் மாடியில் என்கிறீர்கள். அதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம், அதாவது தூண், பீம் தாங்கும் பலத்தைக் கணக்குப் போடுபவரிடம், தனியாகச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயம் 875, இரண்டாம் பகுதிப்படி வீட்டு அறைக்கு எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ. சில்லறைக் கடைக்கு அதுவே 4. குடோனில் எவ்வளவு உயரம் அடுக்குகிறீர்களோ அதற்குத் தகுந்தபடி சுமை ஏறிக்கொண்டே போகும். துணிப் பேல் பார்வைக்கு மெத்தென்று இருக்கும், கூரை வரை அடுக்கினால் அதன் கனம் தனி. எத்தனை அடி வரை அடுக்குவோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், பீமும் ஸ்லாப்பும் அதற்கேற்ப வரும். என் யோசனை, குடோனின் பெரும்பகுதியைக் கீழே கடைக்குப் பின்னால் கொண்டுவர முடியுமா என்று ஆர்க்கிடெக்டைக் கேட்டுப் பாருங்கள். பேலைத் தூக்கிக்கொண்டு ஐம்பது படி ஏறுவதும் குறையும்.

மண்ணைப் பற்றி. நம்ம பக்கம் செம்மண்ணும் செம்பூரான் கல்லும், தோண்டினால் கடப்பாரை தெறிக்கும் என்று எல்லோரும் தைரியமாகப் பேசுவார்கள். பல இடத்தில் அது உண்மைதான். ஆனால் ஊரணிக் கரை, பழைய வாய்க்கால், கண்மாய் ஓரம் என்றால் மேலே செம்மண் கொட்டி மேடாக்கியிருப்பார்கள், அடியில் களி இருக்கும். மனையில் இரண்டு இடத்திலாவது துளை போட்டு மண் சோதனை செய்து, அறிக்கையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையில் கொடுத்த பிறகே கடைக்கால் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். பக்கத்து மனையில் ஆறு அடி தோண்டினார்கள் என்பதற்காக நீங்களும் ஆறு அடி தோண்ட வேண்டாம்.

அனுமதிக்கு இப்போது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான். விண்ணப்பம் இணையத்தில் ஒற்றைச் சாளர முறையில் போகிறது. காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆகிவிட்டது. கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து அனுமதி அங்கேயே முடியுமா, நகர் ஊரமைப்பு அலுவலகம் வரை போக வேண்டுமா என்பது மாறும். 18.30 மீட்டர் உயரம் வரை உயரமில்லாக் கட்டடம் என்ற வகை, அதற்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனையைப் போல இரண்டு மடங்கு. உங்கள் 6,000 சதுர அடி மனைக்கு 12,000 வரை கணக்கு வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். சுற்றிலும் விட வேண்டிய இடம், மனைக்குள்ளேயே நிறுத்த வேண்டிய வண்டிகள் இரண்டும்தான் உண்மையில் எல்லை போடும். ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர் இடம், அது போகவர வழி தனி. கான்ட்ராக்டர் தாளில் கார் படம் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள், அது வெளியே வர எங்கே திரும்பும் என்று அவரிடம் கேளுங்கள்.

ஆர்க்கிடெக்டா வேண்டாமா என்றால், உங்கள் கட்டடத்துக்குக் கண்டிப்பாக வேண்டும் என்பதே என் எண்ணம். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சில் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அதில் தயங்க ஒன்றும் இல்லை. சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட அந்தச் சதவீதத்துக்குள் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். ஸ்ட்ரக்சுரல் கணக்கு உள்ளேயா வெளியேயா? மின்சாரம், குழாய்? அளவுப் பட்டியல்? அனுமதிக்கு அலைவது யார்? மனைக்கு எத்தனை முறை வருவார், எந்தெந்தக் கட்டத்தில்? மாற்றம் சொன்னால் எத்தனை முறை வரை கூடுதல் காசு இல்லை? பணம் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு? எல்லாம் முடிந்ததும் கணினிக் கோப்பை உங்களிடம் தருவாரா? இவ்வளவையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேச்சோடு விட்டுவிட்டு, கடைக்கால் போட்டபின் கம்பி விவரம் யார் தருவது என்று இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலை அப்படியே கிடந்தது, மழையும் வந்துவிட்டது.

அப்பாவின் முகப்புக்கு வருகிறேன், எனக்கும் ரொம்பப் பிடித்த விஷயம் இது. தூணை முதலில் வாங்கிவிட்டு அதற்கு அப்புறம் முகப்பை வரையச் சொல்லுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஒரு நடை போய்ப் பாருங்கள். பிரித்த வீடுகளிலிருந்து வரும் தேக்குத் தூண்கள் வீட்டுக்கு வீடு உயரம் வேறு, பருமன் வேறு. ஒரே உயரத்தில் நாலு கிடைப்பதே பாடு. அடியில் வைக்கும் கல், தூண், மேலே வரும் போதிகை மூன்றையும் சேர்த்து அளந்து அந்த உயரத்தை ஆர்க்கிடெக்டிடம் கொடுங்கள். முகப்பு உயரத்தை முதலில் வரைந்துவிட்டால், பிறகு தூணை அறுக்க வேண்டும், அல்லது அடியில் சிமெண்ட் கட்டி உயர்த்த வேண்டும். இரண்டுமே பார்க்கச் சகிக்காது. கட்டடத்தின் சுமை கான்கிரீட் தூணில் இறங்கட்டும், தேக்குத் தூண் முன் தாழ்வாரத்தின் ஓட்டுக் கூரையை மட்டும் தாங்கட்டும்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பு. ஒரு கடை நிறையக் கல் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கனமும் அதிகம், அடியில் கலவையும் கனமாகப் போடுவார்கள். அந்தத் தரைமட்டத்தை வரைபடத்திலேயே எழுதாவிட்டால், சாதா டைல்ஸ் போட்ட வாடகைக் கடைக்கும் உங்கள் கடைக்கும் வாசலில் ஒரு தடுக்கல் வந்துவிடும். நடக்க நடக்க மெருகேறும் தரை அது, ஜவுளிக் கடைக்கு அவ்வளவு பொருத்தம். எண்ணெயும் புளியும் சிந்துகிற மெஸ் அடுப்படிக்கு மட்டும் வேண்டாம், கறை பிடித்துவிடும்.


மெஸ்காரன் எழுதியது:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் அடுப்படியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி, முதல் மாடியில் மெஸ் என்றால் அதன் அடுப்படியும் பாத்திரம் கழுவும் இடமும் உங்கள் சேலைக் கடைக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். நான் மாடியில் மெஸ் நடத்துகிறேன். எவ்வளவு நன்றாகப் பூச்சு போட்டாலும் நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிற தளம் என்றைக்காவது கசியும். கீழே அரிசி மூட்டை என்றால் நகர்த்திவிடலாம், பட்டும் பருத்தியும் அடுக்கியிருந்தால் என்ன செய்வீர்கள்? தண்ணீர் புழங்கும் இடமெல்லாம் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரட்டும், கீழே வண்டி நிறுத்தமோ கழிப்பறையோ இருக்கட்டும்.

சிலிண்டர் மாடிக்கு வரக் கூடாது. கீழே வெளிப்புறம் காற்றோட்டமாக வைத்துக் குழாயில் மேலே கொண்டுபோக வேண்டும், அதற்கு இடம் இப்போதே விடுங்கள். புகைபோக்கி மொட்டை மாடிக்கு மேல் ஏற வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னலில் விட்டால் தினம் சண்டை. கழுவும் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகாமல் எண்ணெய் தங்கும் தொட்டி ஒன்று வேண்டும், மூடியைத் திறந்து அள்ளுவதற்குக் கை எட்டுகிற இடத்தில். மாவரைக்கும் கிரைண்டருக்குத் தனி மின்கம்பி. இதெல்லாம் கட்டிய பிறகு ஓட்டை போட்டுச் செய்தால் பீமில் கை வைப்பார்கள், அது கட்டடத்துக்கே ஆபத்து. மெஸ் எடுக்கப் போகிறவரை வரைபடம் முடிவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போய் ஆர்க்கிடெக்டிடம் உட்கார வையுங்கள்.


ரஸ்தா ஜவுளி எழுதியது:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. மனையை அளந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். கடை நடக்கும் விதத்தை எழுத ஆரம்பித்தேன், செருப்பு விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

இன்னும் மூன்று சந்தேகம். அப்பா வாஸ்துவும் மனையடிக் கணக்கும் பார்க்க வேண்டும் என்கிறார், ஆர்க்கிடெக்ட் இதற்கு ஒத்துக்கொள்வாரா? தம்பி தரைக்குக் கீழே ஒரு தளம் தோண்டி வண்டி நிறுத்தலாம் என்கிறான். அப்புறம், பழைய வீடுகள் மாதிரி தரையை நல்ல உயரமாக, மூன்று அடி தூக்கிக் கட்டினால் கடை எடுப்பாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா?


கோட்டையூர் வரைவாளர் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் வரைபடத்தை அதிகம் மாற்றும். வீட்டுக்கு மூன்று அடி பீடம் அழகு, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். கடைக்குச் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பேல் வண்டிக்கும் சாய்தளம் வேண்டும், அதன் சாய்வு 12க்கு 1. மூன்று அடி ஏற 36 அடி நீளம் சாய்தளம். ஒன்றரை அடி ஏற 18 அடி போதும், ஆறு அங்குலத்தில் மூன்று படியில் வாடிக்கையாளர் உள்ளே வந்துவிடலாம். 60 அடி முகப்பில் 36 அடியைச் சாய்தளத்துக்குக் கொடுத்தால் வண்டி எங்கே நுழையும்? ஒன்றரை அடி என்பதும் எங்கிருந்து என்று பாருங்கள். மனை மண்ணிலிருந்து அளக்காமல் ரோட்டின் நடு மேட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். ரோட்டை மறுபடி போடும்போதெல்லாம் உயர்த்திவிடுகிறார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பழைய கடைகளுக்குள் தண்ணீர் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை மனதில் வைத்து ஆர்க்கிடெக்ட் சில அங்குலம் கூட்டுவார், சாய்தளமும் அதற்கேற்ப நீளும். எடுப்பாக இருக்க வேண்டுமென்றால் தாழ்வாரத்துத் தூணும் அதன் கல்லும் அதைச் செய்யும்.

தரைக்குக் கீழே தளம் வேண்டாம் என்றே சொல்வேன். இந்த மனையில் வண்டி இறங்கும் சாய்தளமே பாதி இடத்தைத் தின்றுவிடும். பக்கத்து மனைச் சுவர் சரியாமல் தோண்டுவது, சுற்றிலும் கான்கிரீட் சுவர், மழைக்காலத்தில் பம்பு என்று செலவு கையைக் கடிக்கும். அந்தப் பணத்தைப் பின்பக்கம் ஒரு சாமான் லிப்டுக்குக் கொடுங்கள்.

வாஸ்து பார்ப்பதை எந்த ஆர்க்கிடெக்டும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், முதல் நாளே சொன்னால். படிக்கட்டு எந்த மூலை, தண்ணீர்த் தொட்டி எந்த மூலை, கல்லா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அப்பா நம்பும் பெரியவரைப் பென்சில் ஓவியக் கட்டத்திலேயே பார்க்க வைத்துவிடுங்கள். தூணுக்குக் குழி எடுத்த பிறகு அவர் வந்து “இங்கே கூடாது” என்றால் யாருக்கும் நிம்மதி இல்லை. மனையடி அளவு சுவரின் உட்பக்கமா வெளிப்பக்கமா என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அது தெரியாமல் நாங்கள் வரைந்தால், பூச்சுக் கனம் ஏறியதும் அவர் சொன்ன எண் தவறிப்போகும்.

புலப்படமும் மனை அளவும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், தூண் வரிசையை எப்படி வைத்தால் உங்கள் கடைக்கு நடுவில் தூண் வராது என்று ஒரு கைப்படம் போட்டுக் காட்டுகிறேன். அதை மதுரைக்காரரிடம் காட்டி அவர் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவு அவருடையதாக இருக்கட்டும்.


ரஸ்தா ஜவுளி எழுதியது:

சரி அக்கா. சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார். மெஸ் எடுப்பவரிடமும் பேசிவிட்டேன், மதுரைக்கு எங்களோடு வர ஒத்துக்கொண்டார்.